அப்பத்தா பைகளைக் காக்க வந்தவர் அல்லர்

மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்கள் குடும்பத்தோடு ஒரு தீம் பார்க்குக்குப் போய்வந்தபோது எடுத்த படங்களை அண்மையில் ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தேன். நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் என் அம்மா இரண்டில் மட்டுமே இருந்தார். இரண்டிலும் அதே மரத்தடி பெஞ்சில், எங்கள் பைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் என் மகளின் ஈரத் துண்டையும் மடியிலும் பக்கத்திலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "நீங்க போய்ட்டு வாங்கப்பா, நான் இங்கனயே ஒக்காந்துக்கிறேன்" என்று அவர் அன்று சொன்னதை அவருடைய விருப்பம் என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கடல் கடந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தவரை, நாள் முழுவதும் பைக்குக் காவல் வைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

மூட்டுத் தேய்ந்த பெற்றோரை இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் செல்வது பற்றி, அமெரிக்காவில் வாழும் நம்மவர்களிடையே இரண்டு கருத்துகளைக் கேட்கிறேன். முடியாதவர்களை அங்கெல்லாம் எதற்கு இழுத்தடிக்க வேண்டும் என்பது ஒன்று. கூட்டிப்போய் நிழலில் உட்கார வைத்தால் போதும், அவர்களுக்கும் பொழுது போகும் என்பது மற்றொன்று. முதல் கருத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது பாசத்தின் தோற்றத்தில் வருவதால் அதிலுள்ள குறை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பயணத்தை நம் வேகத்துக்கு வகுத்துவிட்டு, அதில் மிஞ்சிய இடத்தில் அவர்களைச் செருகுகிறோம். முழங்காலை முதலில் கணக்கில் எடுத்து, மற்றவற்றை அதன் மேல் அடுக்கினால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான், அம்மா மறுபடி வந்தபோது பிப்ரவரியில், மேஜிக் கிங்டம், எப்காட், அனிமல் கிங்டம் முதலிய பூங்காக்கள் அடங்கிய, ஃபுளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோவின் டிஸ்னி வேர்ல்டுக்குப் போனோம்.

மாதத்தைத் தேர்ந்தெடுத்ததே பாதி வேலை. ஃபுளோரிடாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காலை பத்து மணிக்கே புழுக்கம் தாங்காது. பிற்பகலில் இடியும் மழையும் சேர்ந்துகொள்ளும். பிப்ரவரியில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அம்மாதத்தின் மூன்றாம் திங்கள்கிழமை விடுமுறை என்பதால், அதை ஒட்டிய வாரத்தைத் தவிர்த்தாக வேண்டும். பள்ளி விடுமுறையைப் பார்த்துத் தேதி குறிப்பவர்கள், அந்தக் கூட்டத்தில் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நாற்காலி என்றவுடன் அம்மா மறுத்துவிட்டார். விமான நிலையத்தில் இதே அம்மா சக்கர நாற்காலி கேட்கத் தயங்கியதே இல்லை. நம் ஊரிலிருந்து வரும் விமானங்களின் வாசலில் நிற்கும் நாற்காலி வரிசையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. மொழி தெரியாத முதியவருக்கு அங்கே நாற்காலியைத் தள்ளி வருபவர்தான் வழிகாட்டி, குடியேற்ற அதிகாரியிடம் கொண்டுபோய் நிறுத்தும் துணை; கால் வலிக்காக மட்டும் அதைக் கேட்பதில்லை. ஆனால் பேரப்பிள்ளைகள் முன் அதில் உட்காருவது, தன்னால் ஆகாது என்று ஒப்புக்கொள்வதாக அம்மாவுக்குப் பட்டது. நான் ஒரு வாரம் வாதாடித் தோற்றேன். கடைசியில் என் மகள்தான், "அப்பத்தா, நீங்க நடக்குறப்ப என் பையை அதுல வச்சுத் தள்ளிட்டு வரேன், கால் வலிச்சா பையை எறக்கிட்டு நீங்க ஒக்காந்துக்கங்க" என்று முடித்து வைத்தாள். பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. வரிசையில் நிற்கும்போதும் நீண்ட தூரங்களிலும் அமர்ந்தார்; கடைகளிலும் தோட்டங்களிலும் நாற்காலியையே பிடித்துக்கொண்டு நடந்தார்.

அங்கே வாடகைக்குக் கிடைக்கும் மின் ஸ்கூட்டர் பலருக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் சைக்கிள்கூட ஓட்டியிராத அம்மாவிடம் அதைக் கொடுத்து, குழந்தைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் கூட்டத்தில் ஓட்டச் சொல்வது அவருக்கும் ஆபத்து, பிறருக்கும் ஆபத்து. எனவே மடக்கிக் காரில் வைக்கக்கூடிய எடை குறைந்த நாற்காலி ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துச் சென்றோம்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சக்கர நாற்காலி இருந்தால் வரிசையில் நிற்க வேண்டாம் என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் இன்றும் பரவிக்கொண்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கென இருந்த பழைய அட்டை முறையைப் பலர் தவறாகப் பயன்படுத்தியதால், 2013-இல் டிஸ்னி அதைக் கைவிட்டு, திரும்பி வர ஒரு நேரம் குறித்துக் கொடுக்கும் முறைக்கு மாறியது. 2024-இல் அதையும் சுருக்கி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுகளால் நீண்ட வரிசையில் காத்திருக்க முடியாதவர்களுக்கானதாக ஆக்கினார்கள். நாற்காலியில் இருப்பவர்கள் பெரும்பாலான இடங்களில் எல்லோரும் நிற்கும் வரிசையிலேயே வருகிறார்கள். பாதை குறுகலாக உள்ள பழைய ரைடுகளில் மட்டும் வேறு வாசல் உண்டு. இது நியாயம் என்றே நினைக்கிறேன். நன்றாக நடக்கும் மாமனாரை நாற்காலியில் உட்கார வைத்து வரிசையைத் தாண்டியதைப் பெருமையாகச் சொன்னவர்களையும் நான் அறிவேன்.

ரைடுகளைப் பொறுத்தவரை, நாற்காலியோடு ஏறலாமா, நாற்காலியிலிருந்து எழுந்து மாறி உட்கார வேண்டுமா, கொஞ்சமாவது நடந்தாக வேண்டுமா என்பதை ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். மேஜிக் கிங்டமைச் சுற்றும் ரயிலிலும் 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' படகுகளில் சிலவற்றிலும் நாற்காலியோடே ஏறலாம். பீப்பிள்மூவர் என்னும் மெதுவான வண்டி முதியோருக்கென்றே செய்தது போலத் தோன்றும். ஆனால் நகரும் சரிவுப் பாதையில் நின்று மேலே போக வேண்டியிருப்பதால் நடக்க முடியாதவர்களுக்கு அது உதவாது. பேய் மாளிகை என்று பெயரே பயமுறுத்தும் ஹாண்டட் மேன்ஷனிலோ, கேட்டுக்கொண்டால் ஏறுமிடத்து நகரும் தளத்தை மெதுவாக்குகிறார்கள். அனிமல் கிங்டமின் சஃபாரி வண்டியில் நாற்காலிக்கு இடம் இருந்தாலும் குலுக்கல் அதிகம். அம்மாவின் இடுப்பு அதை இரண்டு நாள் நினைவில் வைத்திருந்தது. ஆனால் ஒட்டகச்சிவிங்கியை அவ்வளவு அருகில் பார்த்ததற்கு அது சரியாகப் போயிற்று என்று அவரே தீர்ப்புச் சொன்னார்.

அவருக்கு மிகவும் பிடித்தது, பிள்ளைகள் சலித்துக்கொண்டே உள்ளே வந்த ஒரு பழைய காட்சி. 1964-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்யப்பட்ட 'கரோசல் ஆஃப் ப்ராக்ரஸ்' அரங்கில், பார்வையாளர் இருக்கைகளே மேடைகளைச் சுற்றி நகரும். மின்சாரம் வருவதற்கு முன்பிருந்து ஒரு வீட்டின் அடுப்பும் விளக்கும் எப்படி மாறின என்பது கதை. குளிரூட்டிய அரங்கில் இருபது நிமிடம் உட்கார்ந்திருக்கலாம் என்பதற்காகத்தான் நான் அதைத் தேர்ந்தேன். வெளியே வந்ததும் அம்மா, தங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்த நாளில் தன் அய்யா விளக்கை அணைக்கவே விடாமல் விடிய விடிய எரிய விட்டதைச் சொல்லத் தொடங்கினார். அந்தக் கதையை நானும் அதுவரை கேட்டதில்லை.

தூரங்களை வரைபடம் சரியாகச் சொல்லாது. மேஜிக் கிங்டமின் கார் நிறுத்தம் பூங்கா வாசலில் இல்லை. அங்கிருந்து மோனோரயிலோ படகோ பிடித்து ஏரியைக் கடக்க வேண்டும். டிஸ்னி விடுதிகளின் பேருந்துகளோ வாசலுக்கு அருகிலேயே இறக்கிவிடுகின்றன, நாற்காலி ஏறச் சரிவுப் பலகையும் உண்டு. எனவே கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து உள்ளேயே தங்கினோம். எப்காட்டில் 11 நாடுகளின் அரங்குகள் ஏரியைச் சுற்றி ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்கு விரிகின்றன (இந்தியா அதில் இல்லை, அது வேறு வருத்தம்). ஏரியைக் கடக்கும் படகில் போய், பாதி நாடுகளோடு நிறுத்திக்கொண்டோம்.

எந்தப் பயணக் குறிப்பிலும் நான் காணாதது சேலை. முந்தானை சக்கரத்தில் சிக்கும் என்பது முதல் மணி நேரத்திலேயே புரிந்தது. அதன்பின் இரண்டு ஊக்குகள் எப்போதும் மனைவியின் கைப்பையில் இருந்தன. தள்ளுகிறவருக்கு வியர்க்கும்போது உட்கார்ந்திருப்பவருக்குக் குளிரும் என்பதும் எங்களுக்குப் புதிது. காலையில் மடிக்கு ஒரு போர்வை வேண்டியிருந்தது. துணைக்கு ஒருவர் கூடவே செல்லக்கூடிய தனிக் கழிப்பறைகள் வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ளன. நாளின் திட்டத்தை அவற்றை ஒட்டியே அமைத்தேன். வீட்டு உணவை உள்ளே கொண்டுபோக அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரை உணவக வரிசையில் காக்க வைக்காமல் பன்னிரண்டரைக்கு அவர் கையில் தயிர்சாத டப்பாவைக் கொடுக்க முடிந்தது பெரிய நிம்மதி.

பிற்பகல் இரண்டு மணிக்கு அறைக்குத் திரும்பிவிடுவது என்ற விதியைப் பிள்ளைகள் முதல் நாள் எதிர்த்தார்கள். மறுநாள் அவர்களே அப்பத்தாவுக்கு முன் தூங்கிப்போனார்கள். வாணவேடிக்கையை ஒருநாள் மட்டும் பார்த்தோம். மற்ற இரவுகளில் நானோ மனைவியோ பிள்ளைகளோடு போக, இன்னொருவர் அம்மாவோடு இருந்தோம்.

ஊருக்குத் திரும்பிய அம்மா சென்ற வாரம் தொலைபேசியில், அடுத்த முறை தன் தங்கையையும் அழைத்து வரலாமா என்று கேட்டார். சின்னம்மாவுக்கும் முழங்கால் வலிதான். இரண்டு நாற்காலிகளை யார் தள்ளுவது என்றேன். "ஒரு நாற்காலிய நாந்தான் புடிச்சுக்கிட்டு நடப்பேன்ல" என்றார்.