பங்கு வரலாற்றில் அந்தச் சுவருக்கும் ஒரு பக்கம் வேண்டும்

எங்கள் பங்கின், அதாவது எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலின், திருவிழா மலர் வந்திருக்கிறது. பணியாற்றிய சாமியார்களின் பட்டியல், மணி வந்த கதை, கொடிமரம் யார் உபயம், எல்லாம் இருக்கிறது. அந்தக் காலத்தில் யார் எங்கே உட்கார்ந்து பூசை கண்டார்கள் என்று மட்டும் ஒரு வரி கிடையாது. படித்து முடித்ததும் எனக்கு வடக்கன்குளம்தான் நினைவுக்கு வந்தது.

திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்கு ஓரம், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப் பக்கம் இருக்கிற ஊர். திருவிதாங்கூர் அரசில் வேலை பார்த்த நீலகண்டன், டச்சுக் கம்பெனிப் படையிலிருந்து வந்த டிலனாய் சொன்ன, பைபிளில் வரும் யோபுவின் கதையால் மனம் மாறி, 1745-இல் இங்கே வந்துதான் ஞானஸ்நானம் பெற்றார். கொடுத்தவர் இயேசு சபைக் குரு புத்தாரி. நம் மக்கள் பரஞ்சோதிநாதர் என்பார்கள். தேவசகாயம் ஆன அவர், ஒதுக்கப்பட்ட சாதியாரோடு சமமாகப் பழகினார். 1752-இல் காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரோடு சாதிப் பட்டம் இல்லை. அந்தப் பட்டத்தை நீக்கச் சொல்லிப் போராடியவர்களை நன்றியோடு நினைக்கிறேன்.

அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே ஊரில், 127 ஆண்டுகள் கழித்து, 1872-இல், சாதிக்காகவே ஒரு கோயில் கட்டினார்கள்.

திருக்குடும்ப ஆலயம். விரித்துப் போட்ட கால்சட்டை மாதிரி அமைப்பு. இரண்டு கைகளாகப் பிரிந்து வரும் மண்டபங்கள் பீடத்தில் வந்து சேரும். ஒரு பக்கம் வேளாளர். மறுபக்கம் நாடார்களும் மற்றவர்களும். பீடத்தில் நிற்கும் குருவை இரு சாராரும் பார்க்கலாம். நடுவில் தடுப்புச் சுவர்; ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. இதைத் தற்செயல் என்று சொல்லவே முடியாது. உட்கார்ந்து யோசித்து, வரைந்து, கல்லும் சுண்ணாம்பும் சுமந்து எழுப்பியது. ஐரோப்பாவிலிருந்து வந்த குருக்களும் அதற்கு இசைந்தார்கள். எனக்குப் பெரிய வேதனை அதுதான்.

1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கௌசானல் சாமியார் அந்தத் தடுப்பை உடைத்தார். வேளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. திருச்சி ஆயர் பார்த் பெயரில் நடந்த அந்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்தது. சாதியைக் காட்டிக் கோயிலுக்குள் தனி இடம் கேட்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. வெள்ளைக்கார ஆட்சியில், ஒரு கிராமத்துப் பங்கிலிருந்து எழுந்த வழக்கு இது. நம் மறைக்கல்வி வகுப்பில் இதை யாராவது சொல்லித் தந்தார்களா? எனக்குச் சொல்லவில்லை.

"பழைய புண்ணைக் கிளறாதே" என்பார்கள். ஆறிய புண் என்றால் நானும் விட்டுவிடுவேன். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சாதிச் சுவருக்கு எதிராக நம் காலத்திலேதான் போராட்டம் நடந்தது. செத்த பிறகும் தனித்தனி. இன்றும் எத்தனையோ ஊர்களில் தேரும் சப்பரமும் எந்தத் தெரு வழியே போகும் என்பதை வைத்துத் திருவிழாவே நின்றுபோகிறது.

நான் கோயிலைக் குறை சொல்லவில்லை. என் பாட்டியின் ஜெபமாலையும் என் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மையும் அங்கேதான். அதனால்தான் கேட்கிறேன்: சுவரை இடித்தவருக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார வைக்கப்பட்டவர்களுக்கும் மலரில் இடம் கொடுங்கள். எங்கள் பங்கில் எண்பதைத் தாண்டிய பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். சின்ன வயதில் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தோம் என்பது அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த மலருக்கு முன்னால் ஒருவர் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். சாமியாரும் மலர்க் குழுவும் சம்மதித்தால் நானே போகிறேன்.