லைட் எரிந்தால் வயரிங் சரி என்று ஆகிவிடாது

பழைய வீடு வாங்கும்போது வயரிங்கைச் சோதிக்க எல்லா ஸ்விட்சையும் போட்டுப் பார்க்கச் சொல்கிறது ஒரு கட்டுரை. அது போதாது. வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிபி பாக்ஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 2.5 சதுர மி.மீ. வயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருந்தால், அடிக்கடி டிரிப் ஆகிறதென்று, அதாவது விழுகிறதென்று, யாரோ பெரிதாக மாற்றியிருக்கலாம். வயர் உருகினாலும் அந்த எம்.சி.பி. விழாமல் இருக்கலாம்.

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம் வேண்டும். ஆனால் டெஸ்ட் பட்டனை அழுத்தி அது விழுந்தால் கருவி வேலை செய்கிறது, அவ்வளவுதான். எர்த் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் வயர்) இருப்பதற்கு அது சாட்சி அல்ல.

எர்த்தில்தான் பித்தலாட்டம் அதிகம். சாக்கெட்டுக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். உண்மையான எர்த் வயரும் அதில் சேர்ந்திருந்தால் ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கும், உடனே அதையும் கழற்றிவிடுவார்கள்! உண்மையான எர்த்தே இல்லாவிட்டால், நியூட்ரல் அறுந்ததும் ஃப்ரிட்ஜ் உடம்பிலேயே 230 வோல்ட். அயர்ன்பாக்ஸை ஓடவிட்டு, அதே ஸ்விட்ச்போர்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். ஓரிரு வோல்ட் காட்டுவது இயல்பு. அசையாமல் பூஜ்யம் என்றால் பிளேட்டைக் கழற்றிப் பாருங்கள்.

பழைய வயரின் இன்சுலேஷனைச் சோதிக்க 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் கருவி): மெயினை அணைத்து, எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்), எர்த் இரண்டுக்கும் இடையிலான அளவு 1 மெகா ஓமுக்குக் கீழ் வந்தால் ரீவயரிங் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.