மூடிய ஆலைக்கும் செலவு உண்டு
"நட்டத்தில் ஓடும் நெல் ஆலையை மூடிவிட்டால் செலவும் நின்றுவிடும்" என்று இலங்கையின் சம்மாந்துறை ஆலைக்காரர்களுக்குக் கூறப்படும் ஆலோசனை தவறானது; கூலியாட்களின் பிழைப்பும் இதில் அடங்கியிருப்பதால் இதைத் திருத்தாமல் விட முடியவில்லை. குறுங்காலத்தில் கட்டட வாடகையும் இயந்திரக் கடனின் வட்டியும் ஆலை ஓடாவிட்டாலும் கட்டியே ஆகவேண்டியவை. ஓர் அலகுகூடப் பாவிக்காத மாதத்திலும் மின் பட்டியலில் நிலையான கட்டணம் வந்துவிடும். உதாரணமாக, இப்படி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும் நிலையான செலவு மாதம் 200,000 ரூபாயாக இருந்து, வருமானத்திலிருந்து நெல், கூலி, மின்சாரம் போன்ற மாறும் செலவுகளைக் கழித்தபின் 120,000 மிஞ்சுமாயின், ஓடும் ஆலை இழப்பது 80,000 மட்டுமே. மூடிய ஆலையோ முழு 200,000 ரூபாயையும் இழக்கும். வருமானம் மாறும் செலவுக்கே போதாதபோதுதான் உடனே நிறுத்துவது பொருந்தும். வாடகை ஒப்பந்தம் முடிந்து, இயந்திரத்தையும் விற்கக்கூடிய நீண்டகாலத்தில் எல்லாச் செலவும் மாறும் செலவே என்பதால், தொழிலை விட்டு விலகுவதா என்ற கேள்வி அங்குதான் எழும்.