எதற்குன்னு கேளுங்கண்ணா

மெடிக்கல் ஷாப்புகளில் இப்போது சன்ஸ்கிரீன் கல்லாவுக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கிறது. கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறார்கள். எதற்கு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என் ஆதங்கமே அதுதான்.

பூசாவிட்டால் தோல் புற்றுநோய் வந்துவிடும் என்று ரீல்ஸில் பயமுறுத்துகிறார்கள். ஆஸ்திரேலியாவில் அந்தப் பயம் நியாயமானது. வெள்ளைத் தோல், கொளுத்தும் வெயில். 1981லிருந்தே சட்டை போடு, க்ரீம் பூசு, தொப்பி வை என்று அங்கே பிரசாரம் செய்கிறார்கள். குயின்ஸ்லாந்தின் நம்பூரில் 1992இல் தொடங்கிய ஆய்வில், தினமும் பூசச் சொன்னவர்களுக்கு ஒரு வகைத் தோல் புற்று சுமார் 40 சதவீதம் குறைந்தது.

நம் தோலில் மெலனின் என்ற கறுப்பு நிறமி அதிகம். வெயிலால் வரும் புற்று நமக்கு அரிது. மெலனோமா என்ற வகைத் தோல் புற்று வந்தால்கூட உள்ளங்காலிலோ நகத்தடியிலோதான் அதிகம் வருகிறது. ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது. 36 வயதில் போய்விட்டார். வெயிலே படாத இடத்தில் க்ரீம் என்ன செய்யும்? நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு, பாதத்தில் பெரிதாகிக்கொண்டே போகும் மச்சம், ஆறாத புண் இருந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். வயலில் நிற்பவருக்கு முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் நல்ல காவல்தான்.

அப்போ சன்ஸ்கிரீன் வீணா? மங்கு இருப்பவர்களைக் கேளுங்கள். போன மாதம் ஒரு கடையில் நின்றிருந்தேன். ஒரு அக்கா கன்னத்தைக் காட்டி, "மங்குக்கு ஏதாவது குடுங்கண்ணா" என்றார். கவுன்டர் பையன் யோசிக்கவே இல்லை. "ராத்திரி போடுங்கக்கா, பளிச்சுன்னு ஆயிடும்" என்று ஒரு டியூபை நீட்டினான். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்தது. கடைசியாகச் சொன்னது ஸ்டீராய்டு. சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது. முதலில் பளிச்சென்றுதான் ஆகும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, முகத்தில் முடி முளைக்கும். ட்ரெட்டினாயின் போட்ட தோலுக்கு வெயில் வேறு ஆகாது. பகலில் சன்ஸ்கிரீன் இல்லையென்றால் மங்கு திரும்பி வரும். அந்த அக்காவுக்கு அவன் சொல்லியிருக்க வேண்டியது அதைத்தான். (பார்மசிஸ்ட் சான்றிதழ் சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆளைத்தான் காணோம்.) மங்குக்கு அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, லேசாக நிறம் உள்ள சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கறுக்க வைக்கும். அதையும் இது தடுக்கும்.

டியூபில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண் 30 என்றால், தோலைச் சுடும் புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும்; 50 என்றால் சுமார் 98. அந்த ஒரு சதவீதத்துக்குக் கூடுதல் காசு கொடுத்துவிட்டு, பொட்டு வைக்கிற அளவு பூசினால் என்ன பயன்? முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் வேண்டும். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும்.

புற்றுநோய்க்காகவே சன்ஸ்கிரீன் கட்டாயம் தேவைப்படுபவர்கள் நம்மிடையே உண்டு. அல்பினிசத்தோடு பிறந்தவர்கள். தோலில் நிறமி மிகக் குறைவாக இருப்பதால், அல்லது இல்லவே இல்லாததால், அவர்களுக்கு இளம் வயதிலேயே தோல் புற்று வரலாம். தான்சானியாவின் மோஷியில் இவர்களுக்கென்றே சன்ஸ்கிரீன் தயாரித்துக் கொடுக்கிறார்கள். இங்கே சட்டப்படி அது அழகுசாதனப் பொருள், 18 சதவீத ஜிஎஸ்டி. இவர்களுக்காவது அரசு ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் மாதம் ஒரு டியூப் இலவசமாகக் கொடுக்கலாமே?