பதினோரு செகண்டு படம்

(ஞாயித்துக்கிழமை காலைல சமையல்கட்டு. அத்தை சின்ன வெங்காயம் உரிச்சிட்டு இருக்காங்க. "அடுத்து நேரா பெரிய படம்தான்"னு திரியுற அண்ணன் பையன் கார்த்தி, நோட்டும் கையுமா வந்து உக்கார்றான்.)

கார்த்தி: அத்தை, ஒன்லைன் கேளுங்க. ரெண்டு பொண்ணுங்க, ரெண்டும் நூறு மீட்டர் ஓடுது. ஒருத்தி ஏழை, கால்ல செருப்புகூட இல்ல. இன்னொருத்தி பணக்காரி, செம திமிரு.

அத்தை: பணக்காரின்னா திமிரு, அத மாத்தவே மாட்டீங்களாடா. சரி சொல்லு.

கார்த்தி: கிளைமாக்ஸ்ல பக்கத்து பக்கத்து லேன், துப்பாக்கி வெடிக்குது, ஓடிக்கிட்டே ஒருத்திய ஒருத்தி திரும்பி முறைக்கிறாங்க, அங்க கட் பண்ணா ஃப்ளாஷ்பேக், அம்மா மாவாட்டுறாங்க, அப்பா கடன்காரன் முன்னாடி கை கட்டி நிக்கிறாரு...

அத்தை: இருடா. மொத்த ரேஸே பதினோரு பன்னெண்டு செகண்டு. அதுக்குள்ள எங்க மாவாட்டி முடிக்கிறது?

கார்த்தி: ஸ்லோ மோஷன் அத்தை, பதினோரு நிமிஷத்துக்கு இழுத்துடலாம்.

அத்தை: நான் ஸ்கூல்ல டிஸ்ட்ரிக்ட் மீட் ஓடினவடா, பக்கத்துல எவ வர்றான்னு தலைய திருப்பினா அங்கயே மெடல் போச்சு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்ல 400 மீட்டர் ஹர்டில்ஸ், நம்ம பி.டி. உஷா வெண்கலத்த விட்டது செகண்டுல நூத்துல ஒரு பங்குல. கோட்டுல நெஞ்சு எப்ப தொடுதுங்கறதுதான் கணக்கு, உன் முறைப்புக்கெல்லாம் மார்க் கெடையாது. போட்டின்னா உஷாவுக்கும் லிடியா டி வேகாவுக்கும் இருந்துச்சே, அது போட்டி.

கார்த்தி: அது யாரு?

அத்தை: பிலிப்பைன்ஸ்காரி. 1982 டெல்லி ஏசியாட், அதான் ஆசிய விளையாட்டுப் போட்டி, அங்க நூறு மீட்டர்ல அவ தங்கம், உஷா வெள்ளி. 1985 ஜகார்த்தா ஆசிய சாம்பியன்ஷிப்ல உஷா திருப்பி குடுத்தாங்க பாரு, 100, 200, 400, ஹர்டில்ஸ், ரிலேன்னு மொத்தம் அஞ்சு தங்கம்!

கார்த்தி: (நோட்ட தட்டிக்கிட்டு) அங்க வைக்கிறேன் கிளைமாக்ஸ!

அத்தை: அவசரப்படாத. அடுத்த வருஷமே சியோல் ஏசியாட். உஷாவுக்கு நாலு தங்கம், ஆனா நூறு மீட்டர்ல மட்டும் வெள்ளி. தங்கம் யாருக்குங்கற?

கார்த்தி: ஐயையோ, மறுபடியும் வில்லியா? வில்லி ஜெயிச்சா படம் எப்படி ஓடும்?

அத்தை: படம் கெடக்கட்டும், மொதல்ல உன் ஹீரோயின் ஓடட்டும். அப்புறம் யாருடா வில்லி? மணிலால போய் கேளு, அங்க லிடியாதான் ஹீரோயின், நம்ம உஷாதான் வில்லி. 1982லயே அவ கதைய அங்க படமா எடுத்தாச்சு, அவளே நடிச்சா, நீ இன்னும் ஒன்லைன்ல இருக்க.

கார்த்தி: (யோசிச்சு) அப்ப ரிலே வெச்சுடலாம் அத்தை. எதிரிங்க ரெண்டு பேரும் ஒரே டீம், பேட்டன் கை மாறுற நேரத்துல கண்ணும் கண்ணும் சந்திக்குது...

அத்தை: எந்திரி. ஹால பாத்து நில்லு. (முருங்கைக்காய கையில எடுக்குறாங்க) நாலு பேர் நூறு நூறா ஓடுறதுல வாங்குறவ திரும்பியே பாக்கமாட்டா. தரையில ஒரு டேப் ஒட்டியிருப்பா, வர்றவ அத தொட்டதும் இவ ஓட ஆரம்பிச்சு, அவ கத்தினதும் கைய பின்னாடி நீட்டுவா, அவ்ளோதான். நான் அடுப்ப தாண்டினதும் நீ ஓடு.

(அத்தை கெளம்பறதுக்குள்ள குக்கர் விசில் அடிக்குது. கார்த்தி ஓடிட்டான்.)

அத்தை: ஃபால்ஸ் ஸ்டார்ட்டு! சரி விடு, ஓடு, கைய நீட்டு... டேய் திரும்பாத!

(திரும்பிட்டான். கண்ணும் கண்ணும் சந்திக்குது. முருங்கைக்காய் கீழ விழுந்து ரெண்டா போச்சு.)

கார்த்தி: சாரி அத்தை.

அத்தை: பரவால்ல, எப்படியும் வெட்டித்தான் சாம்பார்ல போடணும். நீ உக்காந்து மிச்ச வெங்காயத்த உரி, செண்டிமெண்ட் சீன் தானா வரும்.