நிதி நிறுவன மோசடி ‘வெறும் சிவில் விவகாரம்’ அல்ல

“நிதி நிறுவனம் வைப்புத்தொகையைத் திருப்பித் தராவிட்டால் அது வெறும் சிவில் விவகாரம், காவல்துறைக்குப் போனால் போட்ட முதலும் கிடைக்காது” என்றொரு வாட்ஸ்அப் செய்தி திருநெல்வேலி வட்டாரத்தில் சுற்றி வருகிறது. இது தவறு.

1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, முதிர்வுத் தொகையைத் தராமல் ஏமாற்றும் நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கு 10 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். அந்தப் பணத்தில் பிறர் பெயரில் வாங்கிய சொத்துகளையும் அரசு முடக்கி, சிறப்பு நீதிமன்றத்தின் வழியே பணம் போட்டவர்களுக்குப் பங்கிட்டுத் தரவும் அச்சட்டம் இடமளிக்கிறது. உச்ச நீதிமன்றம் 2011-இல் இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

“இதில் யாருக்கும் ரத்தக் காயமில்லையே” என்றும் அச்செய்தி கேட்கிறது. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் 1000 பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஒரு தாய், முறத்தை மடியில் வைத்து, புகையிலைத் தூள் படிந்த விரல்களால் சுற்றிச் சுற்றி மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் போவதைக் காயமில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பணம் திரும்பிவரக் காலதாமதம் ஆகலாம் என்பது உண்மைதான். ஆயினும் ரசீது, வைப்புப் பத்திரம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றின் நகல்களுடன் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் அளிப்பதே முறையான வழி.