மறுத்துப் பேச யாருக்குக் கட்டுப்படியாகும்?

மட்டக்களப்பில் இடதுசாரிகள் என்று சொல்லிக்கொள்ளும் எங்கள் வட்டத்தில் சண்டைக்குக் குறைவே இல்லை. இனப்பிரச்சினையா வர்க்கமா எது முதலில், தேசிய மக்கள் சக்தியோடு நிற்பதா எதிர்ப்பதா என்று விடிய விடியப் பேசுவோம். 2024 பொதுத் தேர்தலில் 22 மாவட்டங்களில் 21ஐ அவர்கள் வென்றபோது மட்டக்களப்பு மட்டும் தமிழரசுக் கட்சியிடம் போனது ஏன் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. சரி, பேச வேண்டிய விஷயங்கள்தான். ஆனால் இந்தச் சண்டைகளில் குரல் உயர்த்துகிறவர்களைப் பாருங்கள். ஆசிரியர், விரிவுரையாளர், என்.ஜி.ஓ. உத்தியோகத்தர், சட்டத்தரணி. நானும் மாதச் சம்பளக்காரிதான். கோபித்துக்கொண்டு கூட்டத்தை விட்டு வெளியேறினாலும் இருபத்தைந்தாம் திகதி எங்கள் சம்பளம் வங்கிக்கு வந்துவிடும்.

வாவிக்கு மேற்கே வயல் ஊர்கள் இருக்கிற படுவான்கரையிலிருந்து வருகிற ஒருவருக்கு அப்படி இல்லை. காணிப் பிணக்குக்கு யாரைப் பிடிக்க வேண்டும், பொலிசில் முறைப்பாடு எழுத யார் கூட வருவார், பிள்ளைக்குப் புலமைப்பரிசில் எங்கே கேட்கலாம் எல்லாம் நம்மில் ஒரு தோழரின் தொலைபேசி இலக்கத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவர் நம்மை மறுத்துப் பேசினால் அந்தத் தொடர்பு போய்விடும் என்று பயப்படுகிறார். அந்தப் பயம் வீணானதும் அல்ல. அதனால் தலையாட்டிவிட்டுப் போகிறார். அதைத்தான் நாங்கள் 'மக்கள் ஆதரவு' என்று அறிக்கையில் எழுதுகிறோம்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்களே, அந்த நேரத்தில் எங்கள் பக்கமும் ஒரு கூட்டம் நடந்தது. அன்றைய ஜனாதிபதியின் நோக்கம் எதுவாக இருந்தாலும் பல்தேசியக் கம்பனிகளின் பிடி தளரும், மண் பிழைக்கும் என்று நல்ல மனதோடு பேசியவர்கள் இருந்தார்கள். பின்வரிசையில் இருந்து, போடியார் எனப்படும் வயல் சொந்தக்காரரிடம் குத்தகைக்கு வயல் செய்கிற ஒருவர் எழும்பினார். "யூரியா இல்லாட்டி இந்தப் போகம் வேளாண்மை வராது. போடியாருக்குக் குத்தகை நெல்லு நான் எங்கயிருந்து குடுக்கிற?" என்று கேட்டார். அவருக்குக் கிடைத்தது இயற்கை விவசாயம் பற்றி அரை மணி நேர வகுப்பு. கடைசியில் ஒரு தோழர், "கம்பனிக்காரன் பேசுறதை நீங்களும் பேசுறீங்க" என்றார். அந்த விவசாயி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவரைக் கூட்டத்தில் காணவில்லை. தடையை நவம்பரில் நீக்கினார்கள். ஆனால் அதற்குள் பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது, வயல் வட்டைகளில் பயிர் மஞ்சளடித்து நின்றதை எல்லோரும் கண்டோம். அவர் சொன்னது சரியாகிவிட்டது என்பதற்காக இதை எழுதவில்லை. அவர் சொன்னது பிழையாகவே இருந்திருந்தாலும், அந்தக் குத்தகை நெல்லுக்கு நம்மில் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அன்று பதில் இருந்திருக்க வேண்டும். அதை யாரும் காதில் வாங்கவே இல்லை.

நுண்கடன் விஷயத்திலும் இதேதான். கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நிற்கிற லோன்காரர், ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றப் பெண்கள் கட்ட வேண்டிய நிலை, அந்த அவமானத்தில் ஊரை விட்டுப் போனவர்கள், உயிரை விட்டவர்கள். இந்த மாவட்டத்தில் இதைத் தெரியாதவர் இல்லை. 2018இல் வந்த ஐ.நா. நிபுணர், ஆண்டு வட்டி சில இடங்களில் 220 சதவீதம் வரை போவதாகச் சொன்னார். எங்கள் கோரிக்கை சுலபமாக வந்தது: கம்பனிகளைத் தடை செய்! கூட்டத்தில் இருந்த ஒரு அம்மா, கோரிக்கையை வாசித்த பொடியனைப் பார்த்துச் சொன்னார்: "மனே, கொம்பனிய மூடினா நாளைக்குப் புள்ளைக்குக் காய்ச்சலெண்டா ஆருக்கிட்டப் போய்க் கேக்கிற? முதல்ல வட்டியக் குறைக்கச் சொல்லுங்க. எங்கட சங்கத்துல காசு எடுக்க வழி பாருங்க. மறுகா மூடலாம்."

இதைவிடத் தெளிவான பொருளாதாரத் திட்டம் அந்த அறையில் வேறு யாரிடமும் இருக்கவில்லை. வட்டி உச்சவரம்பு, கூட்டுறவுக் கடன், அதற்குப் பிறகு தடை என்று வரிசை பிசகாமல் சொல்லியிருந்தார். கூட்டக் குறிப்பில் அது 'பெண்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை' என்று பதிவாகியிருந்தது. அதை வாசித்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

இதைச் சொன்னால், "அப்படியானால் படித்தவன், வசதியானவன் இயக்கத்தில் இருக்கவே கூடாதா?" என்று உடனே கேட்கிறார்கள். அப்படி நான் நினைக்கவில்லை. 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களில் பலர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள். அவர்களில் ஒருவரான பிலிப் குணவர்தன வசதியான காணிக்காரக் குடும்பத்துப் பிள்ளை, அமெரிக்காவில் படித்தவர். ஆனால் குத்தகை விவசாயியை நினைத்தபடி வயலை விட்டு எழுப்ப முடியாது என்ற 1958 நெற்காணிச் சட்டத்தை விவசாய அமைச்சராகக் கொண்டுவந்தவர் அவர்தான். அமைச்சரவைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது, அடுத்த வருடம் பதவியையும் விட்டார். பிறந்த வீட்டின் நலனுக்கு எதிராக ஒருவர் போக முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அந்தச் சட்டமும் பல இடங்களில் தோற்றது. காணிக்காரர்கள் முந்திக்கொண்டு குத்தகைக்காரரை எழுப்பினார்கள், எழுத்தில் ஒன்றும் இல்லாதவரால் உரிமையை நிரூபிக்க முடியவில்லை. வாய்ப்பேச்சில் வயல் செய்கிறவர் அம்பாறையிலும் இங்கேயும் இன்றும் அதே நிலையில்தான் இருக்கிறார். போடியார் தமிழரா முஸ்லிமா என்பதால் குத்தகைக்காரரின் பங்கு கூடுவதும் இல்லை. இதைப் பேச ஆரம்பித்தால் இன ஒற்றுமை கெடும் என்று வாயை அடைப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

நான் கேட்பது பெரிய தத்துவ மாற்றம் ஒன்றும் இல்லை. வேலை நாளில் பின்னேரம் நான்கு மணிக்கு டவுனில் கூட்டம் வைப்பதை நிறுத்துங்கள். படுவான்கரைக்குப் போகிற மண்முனைப் பாலம் 2014இல் திறந்தாயிற்று, தோணிக்குக் காத்திருக்கிற காலம் இல்லை. அங்கிருந்து இங்கே வரலாம் என்றால் இங்கிருந்து அங்கேயும் போகலாம். கூலிவேலையை விட்டு வருகிறவருக்கு அன்றைய கூலியைச் சங்கப் பணத்திலிருந்து கொடுங்கள். கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் வருகிற வரைவைத் தமிழாக்காமல் வாக்கெடுப்புக்கு விடாதீர்கள். முக்கியமாக, மாற்றுக் கருத்தை அவரவர் சொன்ன வார்த்தையிலேயே குறிப்பில் எழுதுங்கள், அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். ஒரு தீர்மானத்தை எதிர்த்த காரணத்துக்காக ஒருவருக்குச் சட்ட உதவியோ வேறு உதவியோ நிற்காது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். இந்தக் கடைசி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உதவியும் அரசியலும் ஒரே கையில் இருக்கும்வரை எதிரில் இருப்பவர் மனம் திறந்து பேச மாட்டார்.

"இப்படிப் பார்த்தால் முடிவெடுக்க மாதக் கணக்காகும்" என்று ஒரு மூத்த தோழர் சொன்னார். ஆகட்டும். அவசரமாக எடுத்த முடிவுகளோடு எத்தனை ஊர்வலங்களில் நாங்கள் மட்டுமே நடந்திருக்கிறோம்!

அடுத்த கூட்டத்தைப் படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம், ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்கலாம் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். அந்த அம்மாவின் யோசனையை முதலாவது விடயமாகப் போடவும் கேட்டிருக்கிறேன். பெரும்போக விதைப்புக்குச் சனம் வட்டைக்குள் இறங்கிவிட்டால் பிறகு ஆட்களைப் பிடிப்பது கஷ்டம். அதனால் தோழர்களே, ஓம் என்றோ இல்லை என்றோ பதிலை இந்தக் கிழமைக்குள் தாருங்கள்.